வடிவமைப்பாளர் தபால்தலைகள்: ஒரு ஃபிரேம், 16 பக்கம், வரிசை தவறாமல்

வேலை முடியும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது இதுதான்: ஏ4 அளவில் 16 பக்கங்கள், அதாவது கண்காட்சிக் கணக்கில் ஒரு ஃபிரேம் (பக்கங்களைத் தொங்கவிடும் கண்ணாடிச் சட்டம்). பொருள், 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கப் பொருள்-வடிவமைப்பாளர்களும் அவர்களுக்காக அமெரிக்கத் தபால்துறை வெளியிட்ட தபால்தலைகளும். நாற்காலி, தொலைபேசி, தட்டச்சுப்பொறி, ரேடியோ, தண்ணீர் ஜாடி எல்லாம் இதில் வரும்.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. இரண்டே ஷீட்களில் (பல தபால்தலைகள் சேர்ந்து அச்சான தாள்) முக்கால்வாசி ஆட்கள் வந்துவிடுகிறார்கள். இரண்டும் அரிதல்ல. வேலை முழுவதும் வாசிப்பிலும் அடுக்குவதிலும் இருக்கிறது, பணத்தில் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். முதலில் வாங்கிவிடுகிறார்கள், அடுத்து ஒட்டிவிடுகிறார்கள், கடைசியில் வந்து “இதற்கு என்ன தலைப்பு வைக்கலாம்?” என்று கேட்கிறார்கள். அந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்புவதுதான் இந்த வழிகாட்டி.

1. எல்லையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

வாங்குவதற்கு முன், ஆல்பத்தைத் தொடுவதற்கு முன், ஒரு வாக்கியம். நான் பயன்படுத்தியது: “1930 முதல் 1961 வரை அமெரிக்க வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பொருள் வடிவமைத்தவர்கள், அவர்களுக்கும் தபாலுக்கும் இருந்த உறவு.”

இந்த வாக்கியம் ஏன் வேண்டும்? பிறகு வரும் ஒவ்வொரு ஆசையையும் இதை வைத்துத்தான் மறுக்கப்போகிறீர்கள். சார்ல்ஸ் – ரே ஈம்ஸ் என்ற வடிவமைப்பாளர் தம்பதிக்காக வந்த ஷீட்டில், பம்பரங்களைப் பற்றி அவர்கள் எடுத்த படத்தின் காட்சி ஒரு தபால்தலையாக இருக்கிறது. நம் ஆட்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் எடுத்து முதல் பக்கத்தில் வைக்கப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் படம் 1969இல் வந்தது. அது வீட்டுப் பொருளும் அல்ல. வாக்கியத்துக்கு வெளியே. வலிக்கும், பரவாயில்லை.

வாக்கியத்தின் பின்பாதியைக் கவனியுங்கள். “தபாலுக்கும் இருந்த உறவு” என்ற பகுதி இல்லாவிட்டால், உங்கள் 16 பக்கமும் படம் பார்த்துக் கதை சொல்வதாக முடிந்துவிடும். நல்ல பக்கங்கள் அந்தப் பாதியிலிருந்துதான் வருகின்றன. 7ஆம் பிரிவில் விவரம்.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

முனை தட்டையான தபால்தலை இடுக்கி ஒன்று. புருவம் திருத்தும் இடுக்கி வேண்டாம். அதன் பல் காகிதத்தில் பதியும்.

பாலியெஸ்டர் உறைகள், பட்டர் பேப்பர் போன்ற கிளாசின் உறைகள், தபால்தலையைச் செருகிப் பக்கத்தில் ஒட்டும் மவுன்ட் பட்டைகள், கறுப்பு அல்லது தெளிவானவை. பி.வி.சி. கோப்புறைகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். நாளடைவில் அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை அச்சு மையைக் கெடுத்துவிடும்.

அமிலமற்ற தாள், ஏ4, சற்றுத் தடிமனானது. 16 பக்கத்துக்கு 25 தாள் வாங்குங்கள். முதல் தடவையில் யாருக்கும் சரியாக வருவதில்லை.

ஒரு லென்ஸ், 5 அல்லது 10 மடங்கு. ஸ்கேல். கூர்மையான கத்தரிக்கோல். கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கட்டாயம்.

பட்டியலில் கடைசி, ஆனால் முக்கியம்: ஒரு குறிப்பேடு. எந்தத் தபால்தலை எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு, எந்தக் கட்டண காலம் என்பதை வாங்கிய அன்றே எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து நினைவு வராது.

3. வாங்க வேண்டியவற்றை மூன்று கூறாகப் பிரியுங்கள்

*கட்டாயம் வேண்டியவை.* இரண்டு ஷீட்.

முதலாவது, 2008 ஜூன் 17இல் வந்த சார்ல்ஸ் – ரே ஈம்ஸ் ஷீட். 42 சென்ட் மதிப்பில் 16 தபால்தலைகள். ‘ஸ்காட்’ என்ற தபால்தலைப் பட்டியலில் எண் 4333. ஜூன் 17 சார்ல்ஸின் பிறந்த நாள் (1907). ஒட்டுப்பலகை நாற்காலி, கம்பிவலை நாற்காலி, லவுஞ்ச் நாற்காலி, அலுமினியம் குரூப் நாற்காலி, ‘லா ஷேஸ்’ நாற்காலி, அடுக்கு நாற்காலிகள், கம்பிக்கால் மேசை, சேமிப்பு அலமாரி, கோட்டு மாட்டும் ‘ஹேங்-இட்-ஆல்’, சீட்டு விளையாட்டு, அவர்களின் சொந்த வீடு என்று அந்த இருவரின் வேலை முழுக்க வருகிறது.

இரண்டாவது, 2011 ஜூன் 29இல் வந்த ‘அமெரிக்கத் தொழில் வடிவமைப்பின் முன்னோடிகள்’. 12 தபால்தலைகள், 12 பேர், ஸ்காட் 4546. ஃபிரெடரிக் ரெட், வால்டர் டோர்வின் டீக், டொனால்ட் டெஸ்கி, நார்மன் பெல் கெடஸ், ஹென்றி டிரைஃபஸ், பீட்டர் மியூலர்-மங்க், ரேமண்ட் லோவி, கிரெட்டா வான் நெஸன், ரஸல் ரைட், கில்பர்ட் ரோடி, எலியட் நோயிஸ், டேவ் சாப்மன். ஒவ்வொன்றிலும் வடிவமைப்பாளர் பெயர், பொருள், அது உருவான ஆண்டு ஆகிய மூன்றும் அச்சாகியிருக்கும். ஓரத்தாளில், அதாவது தபால்தலைகளைச் சுற்றி இருக்கும் பகுதியில், பெரிதாக ஒரு மேசை விசிறி நிற்கும். அது ராபர்ட் ஹெல்லரின் ‘ஏர்ஃப்ளோ’. ஹெல்லருக்குத் தனித் தபால்தலை கிடையாது. ஓரத்தாளைக் கிழித்து எறிந்தால் 13ஆவது ஆளைத் தொலைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த இரண்டிலும் இரண்டிரண்டு ஷீட் வாங்குங்கள். ஒன்று முழுதாகப் பத்திரம். மற்றொன்று வெட்டிப் பக்கங்களுக்குப் பிரித்துக்கொடுக்க. ஒரே ஷீட்டை வாங்கிக்கொண்டு, ‘வெட்டலாமா, வேண்டாமா’ என்று மூன்று மாதம் கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*மலிவானவை, ஆனால் பக்கத்தைத் தூக்கி நிறுத்துபவை.* 1964 மே 29இல் வந்த 5 சென்ட் கென்னடி நினைவுத் தபால்தலை. 1971 ஜூலை 1இல் வந்த 8 சென்ட் தபால்துறைச் சின்னம், ஸ்காட் 1396. இவை ஏன் இந்தப் பட்டியலில் என்று இப்போது புரியாவிட்டால் பாதகமில்லை. சில்லறை விலைக்குக் கிடைக்கும், வாங்கி வையுங்கள்.

*ஆசை காட்டுபவை, வெளியே நிறுத்த வேண்டியவை.* 2005இல் வந்த 37 சென்ட் நவீனக் கட்டடக்கலை ஷீட் (12 கட்டடங்கள்), 1982இன் 20 சென்ட் கட்டடக்கலை நால்வர் தொகுதி, 1966இன் 2 சென்ட் ஃபிராங்க் லாய்ட் ரைட், 2004இன் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். எல்லாம் அழகானவை. ஆனால் கட்டடம் தனி ஃபிரேம். இதை உள்ளே விட்டால் நாற்காலிக்கு இடம் இருக்காது.

ஒரே ஒரு கட்டடக் கலைஞருக்கு மட்டும் கதவைத் திறக்கலாம்: ஈரோ சாரினென். காரணம் பின்னால் வருகிறது. 2005 ஷீட்டில் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்துக்காக அவர் கட்டிய முனையமும், 1982 தொகுதியில் டல்லஸ் விமான நிலையமும் உள்ளன. ஏதாவது ஒன்று போதும். (டல்லஸ் என்றதும் டெக்சஸ் நகரம் என்று எழுதிவிடாதீர்கள். இது வாஷிங்டனுக்கு அருகில் வர்ஜீனியாவில் இருப்பது, ஆங்கில எழுத்தும் வேறு. இந்தத் தவறைக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே பார்த்தேன்.)

4. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

2008 ஷீட்டில் 42 என்ற எண் இருக்கும். 2011 ஷீட்டில் எண் இருக்காது. ‘ஃபாரெவர்’ என்ற சொல்தான் இருக்கும். முதல் வகுப்புக் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் அது ஒரு கடிதத்துக்குச் செல்லும் என்று பொருள். வெளியான நாளில் அதன் மதிப்பு 44 சென்ட். குறிப்பேட்டில் அதை எழுதிக்கொள்ளுங்கள், உறைகளைப் படிக்கும்போது தேவைப்படும்.

‘ஃபாரெவர்’ வகையில் போலிகள் ஏராளம். பெரும்பாலும் அமெரிக்கக் கொடி போன்ற அன்றாடத் தபால்தலைகளைத்தான் போலியடிக்கிறார்கள். ஆனாலும் முகமதிப்பில் பாதி விலைக்கு யாராவது கட்டுக்கட்டாக விற்றால், அவரிடம் எதையும் வாங்காதீர்கள். நல்ல அச்சில் ஒளிரும் பூச்சு இருக்கும், சிற்றலை யு.வி. விளக்கில் பச்சை சாயலில் மின்னும். அந்த விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கெடுதல்.

ஷீட்டின் நான்கு மூலைகளையும் படத்தில் கேட்டு வாங்குங்கள். மூலை மடங்கியிருந்தால் அது ‘வெட்டும்’ ஷீட்டாக மட்டுமே உதவும். அஞ்சலில் வரும்போது இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமா, சித்தப்பா மகன் யாரிடமாவது வாங்கிவரச் சொன்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் உறைக்குள் இரண்டாக மடித்து, ‘பத்திரமா கொண்டு வந்துட்டேன்’ என்று பெருமையோடு நீட்டிய அண்ணன் ஒருவர் எனக்கு உண்டு.

5. கைக்கு வந்த முதல் நாள்: பிரிக்காதீர்கள்

இரண்டு ஷீட்டுமே தானே ஒட்டும் வகை. பழைய தபால்தலைபோலத் துளையில் கிழிப்பதல்ல; அலை அலையாக அச்சு வெட்டு போட்டு, அடித்தாளின் மேல் ஒட்டியிருக்கும். அடித்தாளிலிருந்து உரித்துவிட்டால் அது புதுத் தபால்தலை அல்ல. எதில் ஒட்டினாலும் ஒட்டிய ஒட்டுதான்.

தனித் தபால்தலை வேண்டுமென்றால் அடித்தாளோடு சேர்த்து, சுற்றிலும் ஒரு சிறு ஓரம் விட்டு, கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பக்கத்துத் தபால்தலை சேதமாகும், ஆகட்டும். அதற்காகத்தான் இரண்டாவது ஷீட். சதுரங்கப் பலகையில் ஒன்று விட்டு ஒன்று எடுப்பதுபோலத் திட்டமிட்டால் தேவையான எட்டு, பத்து தபால்தலைகளையும் நல்ல ஓரத்தோடு எடுத்துவிடலாம். வெட்டுவதற்கு முன் 8ஆம் பிரிவின் பக்கத் திட்டத்தை முடித்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்: எந்த எட்டு என்று தெரியாமல் கத்தரியை எடுத்தால், வேண்டியதையே வெட்டிவிடுவீர்கள்.

அடித்தாளின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். சில அமெரிக்க ஷீட்களில் விளக்கக் குறிப்பு பின்னால்தான் அச்சாகியிருக்கும். இருந்தால், வெட்டும் முன் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

நம் ஊர் மே மாத வெயிலில் இந்தப் பசை இளகி வெட்டின் ஓரத்தில் கசியும். ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். இடையில் கிளாசின் தாள் வையுங்கள். பீரோவில் படுக்கவைக்காமல், அழுத்தாமல், நிமிர்த்தி வையுங்கள். பீரோவின் மேல்தட்டு வேண்டாம், வீட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் அதுதான்.

6. பயன்படுத்திய தபால்தலைகள்: தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வையுங்கள்

இதில் அனுபவசாலிகளே ஏமாறுகிறார்கள். சிறுவயதிலிருந்து நாம் கற்றது ஒன்றே: உறையை வெட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் போடு, பத்து நிமிடத்தில் தபால்தலை மிதக்கும். 1964 கென்னடிக்கும் 1971 சின்னத்துக்கும் 1982 தொகுதிக்கும் அது சரி. அவை நக்கி ஒட்டும் பசை கொண்டவை.

ஏறக்குறைய 2004க்குப் பிறகு வந்த அமெரிக்கத் தானே-ஒட்டும் தபால்தலைகள் அப்படியல்ல. பசைக்கும் காகிதத்துக்கும் இடையில் முன்பு இருந்த, தண்ணீரில் கரையும் அடுக்கு இப்போது இல்லை. ஊறவைத்தால் காகிதம் கூழாகும், பசை அப்படியே இருக்கும், தபால்தலை சுருண்டு கிழியும்.

என் யோசனை: கழற்றவே வேண்டாம். சுற்றிலும் அரை சென்டிமீட்டர் உறைத்தாளோடு வெட்டி அப்படியே வையுங்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால், சிட்ரஸ் எண்ணெய் அடிப்படையிலான அறை நறுமண ஸ்பிரேயை உறைத்தாளின் பின்புறம் லேசாக அடித்து, ஊறியதும் மெதுவாக உரித்து, பிசுபிசுப்புப் போக டால்கம் பவுடர் தடவுவது சேகரிப்பாளர்கள் கையாளும் வழி. மதிப்பில்லாத நான்கைந்து தபால்தலைகளில் பழகிவிட்டு வாருங்கள். முத்திரை தெளிவாக இருந்தால் வெட்டவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம். முழு உறையாகவே வையுங்கள்.

7. உறவுகளைத் தேடுங்கள்: வேலையின் நடுப்பகுதி இதுதான்

கூடுதல் நேரம் இங்கே போகட்டும். தபால்தலையில் இருப்பவர் யார் என்று பார்த்தாயிற்று. இப்போது, தபால்தலையைச் செய்தவர் யார் என்று பாருங்கள்.

ஈம்ஸ் ஷீட்டை வடிவமைத்தவர் டெர்ரி நோயிஸ். 2011 ஷீட்டின் கலை இயக்குநரும் அவரே. அவர் எலியட் நோயிஸின் மகள். 2011 ஷீட்டில் ஐ.பி.எம். செலக்ட்ரிக் தட்டச்சுப்பொறியோடு (1961) இருக்கும் அதே எலியட் நோயிஸ். அப்பாவுக்கான தபால்தலையை மகள் கவனித்துக் கொடுத்திருக்கிறார்.

இன்னும் ஒரு படி பின்னால் போங்கள். எலியட் நோயிஸ் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொழில் வடிவமைப்புத் துறையை நடத்தியபோது, வீட்டுத் தளவாடங்களுக்கு ஒரு போட்டி வைத்தார். அதன் கண்காட்சி 1941இல் நடந்தது. அதில் பரிசு பெற்ற ஜோடி சார்ல்ஸ் ஈம்ஸும் ஈரோ சாரினெனும். இப்போது சாரினெனுக்கு ஏன் கதவு திறந்தேன் என்று புரியும். நோயிஸ், ஈம்ஸ், சாரினென் என்று மூன்று வெளியீடுகள் ஒரே பக்கத்தில் ஒரே கதையாக உட்காரும்.

அடுத்தது ரேமண்ட் லோவி. 2011 ஷீட்டில் நீர்த்துளி வடிவப் பென்சில் சீவியோடு (1933) வருகிறார். அதற்கு முன்பே தபால்துறைக்கு வேலை செய்தவர் அவர். 1964இன் கென்னடி நினைவுத் தபால்தலை அவரது நிறுவனத்தின் வடிவமைப்பு. 1971இல் தபால்துறை மறுசீரமைக்கப்பட்டபோது வந்த கழுகுச் சின்னமும் அவர்கள் செய்ததே. அந்தச் சின்னம்தான் 8 சென்ட் தபால்தலையில் இருக்கிறது. ஆக 1964, 1971, 2011: தபால்தலை செய்தவரே பிறகு தபால்தலை ஆன கதை, மூன்றே தாளில். மூன்றுக்கும் சேர்த்து ஒரு நல்ல காப்பிச் செலவுகூட ஆகாது. 1971இன் முதல் நாள் உறையும் (வெளியான நாளின் முத்திரை விழுந்த உறை) சுலபமாகக் கிடைக்கும்.

கூடுதல் ஷீட் வாங்கும் முன், கையில் இருப்பதை இப்படிக் குடைந்து பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை, பக்கத்தில் குறைவது தபால்தலை அல்ல, தொடர்பு.

இந்தியத் தொடர்பு வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று உண்டு: ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசுக்காக எழுதிய அறிக்கை; அதன் வழியாக 1961இல் அகமதாபாத்தில் வந்த தேசிய வடிவமைப்பு நிறுவனம். அந்த அறிக்கையில் அவர்கள் மனம்விட்டுப் பாராட்டிய பொருள் நம் வீட்டுச் செம்பு. அரைப் பக்கம் கொடுக்கலாம். அதற்குமேல் போனால் வாக்கியத்தை மீறுகிறீர்கள்.

8. 16 பக்கத் திட்டம்: காகிதத்தில் கட்டம் போட்டு

ஒரு தாளில் 16 கட்டம். நான்குக்கு நான்கு, ஃபிரேமில் தொங்குவதுபோலவே. பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

முதல் கட்டம்: தலைப்பும் திட்டமும். 2 முதல் 5 வரை: 1930களின் காற்றைக் கிழிக்கும் வடிவங்கள். லோவியின் சீவி, நார்மண்டி கப்பலின் புகைபோக்கியைப் பார்த்து மியூலர்-மங்க் செய்த ஜாடி (1935), டீக்கின் சின்ன பிரௌனி கேமரா, பெல் கெடஸின் ‘பேட்ரியட்’ ரேடியோ (1940), ஓரத்தாளின் விசிறி. 6 முதல் 8 வரை: சாப்பாட்டு மேசையும் வரவேற்பறையும். ரெட்டின் ஃபியெஸ்டா பாத்திரங்கள், ரைட்டின் கரண்டி-முள், ரோடியின் கடிகாரம், டெஸ்கியின் விளக்கு, வான் நெஸனின் ‘எனிவேர்’ விளக்கு (1951). 12 பேரில் அவர் ஒருவர்தான் பெண்; பக்கத்தில் அதைச் சொல்லுங்கள், கொண்டாட வேண்டாம்.

9, 10: அலுவலகம். டிரைஃபஸின் 302 தொலைபேசி (1937), நோயிஸின் தட்டச்சுப்பொறி. 11 முதல் 14 வரை: ஈம்ஸ். 15: நோயிஸ்–ஈம்ஸ்–சாரினென் முக்கோணம். 16: லோவியும் தபால்துறையும்.

ஈம்ஸ் நான்கு பக்கத்தையும் ஷீட்டில் அச்சான வரிசையில் அடுக்காதீர்கள். பொருள் எதனால் ஆனது என்று அடுக்குங்கள்: ஒட்டுப்பலகை, கம்பி, அலுமினியம், அட்டை. அப்போதுதான் 1940களின் வளைத்த ஒட்டுப்பலகையிலிருந்து 1958இன் அலுமினியம் வரை அவர்கள் எப்படி நகர்ந்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். ஷீட்டின் வரிசை, பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்தது. அது உங்கள் வாதத்தின் வரிசை அல்ல.

முழு ஷீட்டை ஒரே ஒரு இடத்தில் மட்டும் காட்டுங்கள், விசிறிப் பக்கத்தில். விசிறி ஓரத்தாளில் இருப்பதால் அங்கே நியாயம் உண்டு. மற்ற இடங்களில் முழு ஷீட், பக்கத்தை விழுங்கும். நடுவர் அதை ‘நிரப்பல்’ என்றே எடுத்துக்கொள்வார்.

9. உறைகளும் கட்டணமும்

16 பக்கமும் புதுத் தபால்தலையாகவே இருந்தால் அது ஒட்டுப்பட ஆல்பம். ஐந்தாறு உறைகளாவது வேண்டும்: முதல் நாள் உறை ஒன்றிரண்டு, உண்மையிலேயே தபாலில் பயணித்தவை மூன்று நான்கு.

பயணித்த உறையில் முதலில் பார்க்க வேண்டியது கூட்டல் கணக்கு. 2008இல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு ஒரு அவுன்ஸ் கடிதத்துக்கு 94 சென்ட். இரண்டு ஈம்ஸ் ஒட்டினால் 84; இன்னும் 10 வேண்டும். 2011இல் கட்டணம் 98; இரண்டு முன்னோடிகள் 88; மறுபடியும் 10 குறைகிறது. சரியான கூட்டுத்தொகையோடு வந்த உறை, சேகரிப்பாளருக்காகக் கட்டணத்துக்கு மேல் அலங்காரமாக ஒட்டிய உறையைவிடப் பல மடங்கு பேசும். (அந்தப் பத்து சென்ட்டை ஐந்து 2 சென்ட் ஃபிராங்க் லாய்ட் ரைட்டால் நிரப்பிய உறை ஒன்று கிடைத்தால், எல்லையைக் கொஞ்சம் தளர்த்த நானே சம்மதிப்பேன்.)

வேறு வகைகளையும் தேடுங்கள். இந்த வடிவமைப்பாளர்கள் வேலை செய்த நிறுவனங்களின் மீட்டர் முத்திரைகள் (தபால்தலைக்குப் பதில் இயந்திரம் உறையில் அச்சிடும் கட்டண முத்திரை) ஒரு நல்ல இடம். பழைய அலுவலக உறைக் கட்டுகளில் சில ரூபாய்க்குக் கிடக்கும். யாரும் அவற்றைப் புரட்டுவதில்லை.

10. குறிப்பு எழுதுவது

ஒரு தபால்தலைக்கு இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. முதல் வரி பொருளைப் பற்றி, இரண்டாவது தபால்தலையைப் பற்றி. படத்தில் ஏற்கெனவே தெரிவதை எழுதாதீர்கள். ‘இது ஒரு தொலைபேசி’ என்பது வீண். ‘டிரைஃபஸ், பெல் நிறுவனத்துக்காக, 1937’ என்பது குறிப்பு.

அடிக்கடி பார்க்கும் பிழைகள் நான்கு.

லோவியின் பென்சில் சீவியை ‘அக்கால அலுவலகங்களில் எங்கும் இருந்தது’ என்று எழுதுவது. அது மாதிரியாக மட்டுமே செய்யப்பட்டது, உற்பத்திக்குப் போகவில்லை. தபால்தலையில் வந்துவிட்டதாலேயே ஒரு பொருள் கடையில் விற்றதாகிவிடாது.

ஈம்ஸ் நாற்காலி என்றதும் சார்ல்ஸை மட்டும் எழுதி ரேயை விட்டுவிடுவது. ஷீட்டின் தலைப்பிலேயே இரண்டு பெயரும் இருக்கின்றன. பிறகு சிலர் இருவரையும் ‘ஈம்ஸ் சகோதரர்கள்’ ஆக்கிவிடுகிறார்கள். அவர்கள் கணவன் மனைவி.

பொருளின் ஆண்டையும் தபால்தலையின் ஆண்டையும் குழப்புவது. 2011 ஷீட்டில் பெரிதாக 1937 என்று இருந்தால் அது தொலைபேசியின் வயது. இரண்டு ஆண்டையும் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எழுதுங்கள்.

நான்காவது சற்று நுட்பமானது: ‘உயிரோடு இருப்பவர்களை அமெரிக்கா தபால்தலையில் வெளியிடாது, ஆகவே இவர்கள் எல்லோரும் மறைந்தவர்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது. அந்த வழக்கம், கௌரவிக்கப்படும் ஆளைப் பற்றியது. 2005 கட்டடக்கலை ஷீட் வந்தபோது ஃபிராங்க் கெரி, ஐ.எம். பெய், ராபர்ட் வெஞ்சுரி, ரிச்சர்ட் மையர் எல்லோரும் உயிரோடிருந்தார்கள். கௌரவம் கட்டடத்துக்கு என்பதால் தடையில்லை. பிரிட்டனில் அந்தக் கூச்சமும் கிடையாது. 2009 ஜனவரி 13இல் வந்த பிரிட்டிஷ் வடிவமைப்புத் தொகுதியில் மேரி குவான்ட், ராபின் டே ஆகியோர் பெயரோடே அவர்களின் குட்டைப் பாவாடையும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தன. அப்போது இருவரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

11. ஒட்டுவது

கடைசியில்தான் ஒட்டுவது. குறிப்புகளை முதலில் கணினியில் அடித்து, சாதாரணத் தாளில் அச்செடுத்து, தபால்தலைகளை மேலே சும்மா வைத்துப் பாருங்கள். மூன்று நாள் அப்படியே இருக்கட்டும். எங்காவது கண் உறுத்தும், அங்கே திருத்துங்கள். பிறகுதான் நல்ல தாள்.

அடித்தாளோடு வெட்டிய தபால்தலைக்கு மவுன்ட், முழு உறைக்கு நான்கு மூலைப் பிடிகள். ஹின்ஜ் (பின்னால் ஒட்டும் சிறு பசைத்தாள்) போட ஆசைப்படுபவர்கள் பயன்படுத்திய பழைய தபால்தலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செலோடேப்பை இந்த வேலை முடியும்வரை வேறு அறையில் வையுங்கள்.

வண்ணத் தாள், பூ வேலை, இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய நாற்காலிப் படங்கள் வேண்டாம். பன்னாட்டுத் தபால்தலைக் கூட்டமைப்பின் விதிகளில் கருப்பொருள் வகுப்புக்கு நெடுங்காலமாக இருந்துவரும் மதிப்பெண் பகிர்வைப் பாருங்கள்: திட்டமும் அதை வளர்த்தெடுப்பதும் 35, அறிவு 30, நிலையும் அரிய தன்மையும் 30, தோற்றம் வெறும் 5. அந்த ஐந்துக்காக முக்கால்வாசி நேரத்தைச் செலவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். தபால்தலை அல்லாத பொருட்களையும் சேர்த்துக் காட்ட ஆசை என்றால் அதற்கென்றே திறந்த வகுப்பு இருக்கிறது. அங்கே பாதிவரை அனுமதி உண்டு.

ஃபிரேமில் ஏற்றும் முன் ஒரு சோதனை. தபால்தலையில் ஆர்வமே இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு, 15ஆம் பக்கத்தை மட்டும் கையில் கொடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. “ஓ, இவங்க அவரோட பொண்ணா?” என்று அவராகவே கேட்டால், பசையை எடுக்கலாம். கேட்கவில்லை என்றால் குறிப்பை மாற்றி எழுதுங்கள். தபால்தலையை மாற்ற வேண்டியதில்லை.